பணக்காரப் பிள்ளையும் பேசாத வகுப்பும்: மகளோடு பார்க்க எந்தக் கொரியத் தொடர்?

தங்கை போன மாதம் ஒரு பின்னேரம் வந்து வாசற்படியில் நின்றபடியே கேட்டாள்: “அக்கா, லீவு விட்ட நாளிலிருந்து இவள் கொரியா நாடகம், கொரியா நாடகம் எண்டு நிக்கிறாள். எல்லாம் பள்ளிக்கூடக் கதைதானாம். பணக்காரப் புள்ளைகள் மற்றப் புள்ளைகளைப் போட்டு வதைக்கிற கதையாம். நீங்கதானே இதுகள் பார்க்கிற ஆள். எதைப் பார்க்க விடலாம், எதை விடப்படாது?”

மகளுக்கு 14 வயது, தரம் 9. (எங்கள் பக்கத்தில் தங்கையின் பிள்ளையும் மகள்தான், அப்படியே எழுதுகிறேன்.) வேறு நாளாக இருந்தால் நின்ற நிலையிலேயே ஒரு பெயரைச் சொல்லி அனுப்பியிருப்பேன். ஆனால் அதற்கு இரண்டு வாரம் முன்பு, தலை இழுத்துப் பின்னிவிடும்போது மகள் சொன்ன ஒரு விஷயம் மனதில் கிடந்தது. அதனால் மூன்று வாரம் தவணை கேட்டேன். முன்பு பார்த்ததைத் திரும்பப் பார்த்தேன், பார்க்காததைப் புதிதாகப் பார்த்தேன். இலங்கையின் கிழக்கில் எங்கள் கல்முனை, பாண்டிருப்புப் பக்கத்தில் இதே கேள்வியோடு பல வீடுகள் இருப்பது தெரியும் என்பதால் எழுதி வைக்கிறேன்.

முதலில் மகள் சொன்னது. கல்முனையில் அவள் போகும் ரியூஷன் வகுப்பில் நீள வாங்குகள். ஒரு வாங்கில் ஐந்து பேர் இருப்பார்கள். அந்த வகுப்பில் வசதியான வீட்டுப் பிள்ளை ஒருத்தி. வான் வண்டியில் வந்து இறங்குவாள், கையில் விலை கூடிய போன், வகுப்பு முடிந்தால் கூட்டாளிமாருக்கு ஐஸ்கிறீம் அவள் காசில்தான். இன்னொருத்தி சுனாமி வீட்டுத் திட்டத்திலிருந்து வருகிறவள். தகப்பன் கரைவலைக்குப் போகிறவர். ஒரு நாள் பணக்காரப் பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு, “மீன் மணக்குது” என்றாளாம். உடனே அந்த வாங்கில் இருந்த மற்ற நாலு பேரும் எழும்பி முன் வாங்குக்குப் போய் நெருக்கி இருந்துகொண்டார்கள். பிறகு இடம் போதாமல் முன் வாங்கை இன்னும் முன்னுக்கு இழுத்தார்கள். சீமெந்துத் தரையில் வாங்கு இழுபட்ட சத்தத்துக்கு, படிப்பிக்கிற சேர் பலகையிலிருந்து திரும்பி, “சத்தம் போடாதீங்க” என்று சொல்லிவிட்டு மறுபடியும் எழுதத் தொடங்கினார். அந்தப் பிள்ளை ஐந்து பேர் இருக்கிற வாங்கில் தனியே இருந்து, தலை குனிந்தபடி கணக்கை எழுதி முடித்தாள். ஒரு கிழமை வந்தாள். பிறகு வரவில்லை.

“நீ எந்த வாங்கில இருந்த?” என்று கேட்டேன்.

“அவளுக்குப் பக்கத்திலதான் பெரியம்மா. நானும் எழும்பிப் போனன்.”

பின்னல் கட்டிய ரிபனை அவிழ்த்து மறுபடியும் கட்டினேன். எனக்கு உடனே சொல்ல எதுவும் வரவில்லை.

தங்கை கேட்டபோது என் மனதில் ஓடியது இதுதான். என் மகள் அடித்தவளும் இல்லை, அடிபட்டவளும் இல்லை. எழும்பிப் போனவள். அப்படி ஒரு பிள்ளைக்கு எந்தக் கதை பொருந்தும்? பணக்காரப் பிள்ளையின் அட்டகாசத்தை எல்லாத் தொடரும் காட்டும். அதைச் சுற்றி இருக்கிற முப்பது பேரின் முகத்தை எந்தத் தொடர் காட்டுகிறது? இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் எல்லாவற்றையும் பார்த்தேன்.

இந்தக் கேள்வி எனக்குக் கொரியாவிலிருந்து வந்ததும் இல்லை. பாண்டிருப்பில் பிறந்தவர்களுக்குத் திரௌபதை அம்மன் கோவிலின் 18 நாள் சடங்கு தெரியும். வனவாசம் போகும் நாளில் தெருவெல்லாம் சனம், கடைசியில் தீப்பள்ளயம் என்ற தீமிதிப்பு. சின்ன வயதிலிருந்து அந்தக் கதைக்குள்தான் வளர்ந்தோம். துரியோதனன் யார்? ஒரே குருவிடம் படித்த பணக்காரப் பையன். கூடப் படித்த வீமனுக்கு நஞ்சு கொடுத்துக் கட்டி ஆற்றில் போட்டவன். அவைக்கு நடுவில் திரௌபதையை இழுத்து வந்தபோது பீஷ்மர் இருந்தார், துரோணர் இருந்தார், திருதராட்டிரன் இருந்தான். விதுரரை விட்டால், எழும்பி நின்று இது பிழை என்று சொன்னவன் விகர்ணன். அவன் துரியோதனனுடைய சொந்தத் தம்பி. தீப்பள்ளய நாட்களில் அம்மா சொல்லுவா: “கெடுத்தவன் ஒருத்தன். சும்மா இருந்தது சபை முழுக்க.” அந்த வாங்கு இழுபட்ட கதையைக் கேட்ட அன்று இரவு எனக்கு அம்மாவின் குரல்தான் கேட்டது.

சரி, தொடர்களுக்கு வருவோம்.

பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ். 2009ஆம் ஆண்டு கொரியாவின் கேபிஎஸ் 2 தொலைக்காட்சியில் வந்தது, 25 பகுதிகள். புதுயுகம் தொலைக்காட்சி கொரியத் தொடர்களைத் தமிழ் பேச வைத்துக் காட்டிய காலத்தில் கொரியாப் பைத்தியம் பிடித்த தலைமுறைக்கு இதன் கதாநாயகனைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஜப்பானில் 1992இல் தொடங்கிய ஒரு படக்கதைதான் மூலம். அதையே தாய்வான் 2001இலும், ஜப்பான் 2005இலும், சீனா 2018இலும், தாய்லாந்து 2021இலும் தொடராக எடுத்தன. ஒரு கதையை இத்தனை நாடுகள் திரும்பத் திரும்ப எடுக்கின்றன என்றால், அதில் ஒரு சரக்கு இருக்கிறது.

முதல் பகுதியைத் திரும்பப் பார்த்தபோது அந்தச் சரக்கு என்னவென்று தெரிந்தது. பெரும் பணக்காரப் பாடசாலை. நாலு பையன்கள் வைத்ததுதான் அங்கே சட்டம். யாருக்காவது சிவப்பு அட்டை வைத்துவிட்டால், முழுப் பாடசாலையும் சேர்ந்து அவனை வேட்டையாடும். அட்டை வாங்கிய ஒருவன் மொட்டை மாடி விளிம்பில் நிற்கிறான். கீழே மாணவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். அங்கே சலவைக் கடைக்காரரின் மகள் ஒருத்தி, வெளுத்த உடுப்பைக் கொடுக்க வந்தவள், அவனைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றுகிறாள். உடுப்புக்குக் காசு வாங்க வந்த பிள்ளைக்கு இருந்த இரக்கம், அவனோடு தினமும் படித்தவர்களுக்கு இல்லை. முதல் பகுதி என் கேள்விக்கு நேராக வந்து நிற்கிறது.

ஆனால் அங்கேயே நின்றுவிடுகிறது. சிவப்பு அட்டை வைத்தவனுக்கு அந்தச் சலவைக் கடைப் பிள்ளையில் விருப்பம் வருகிறது. அதற்குப் பிறகு, இவர்கள் சேருவார்களா, அவனுடைய தாய் விடுவாளா என்பதுதான் நம்முடைய பதற்றம். பாதிக்கப்பட்ட ஒருவனுக்காகப் பழிவாங்க வருகிறவனின் கிளைக்கதை ஒன்று நடுவில் வருகிறது. அங்கேயும் நாம் கலங்குவது பணக்காரப் பையன் அடி வாங்குகிறானே என்றுதான். அட்டையைக் கண்டதும் முட்டை எறிந்த அந்தக் கூட்டம், பிறகு காதலுக்குக் கைதட்டுகிற கூட்டமாக மாறிவிடுகிறது. யாரும் யாரிடமும் எதற்கும் மன்னிப்புக் கேட்கவில்லை.

இதை மகளோடு பார்க்கலாமா? பார்க்கலாம். 15 வயதுக்கு மேல் என்ற அளவில் வந்த தொடர், கண்ணை மூடிக்கொள்ள வேண்டிய காட்சிகள் குறைவு. ஆனால் எனக்குப் பயமாக இருப்பது வேறு இடத்தில். படுத்துகிற பையன் உள்ளுக்குள் நல்லவன், அவனுக்கு அன்பு கிடைத்தால் திருந்துவான், அந்த அன்பைக் கொடுக்க வேண்டியவள் நீ என்று ஒரு 14 வயதுப் பிள்ளையின் காதில் 25 மணித்தியாலம் ஓதுகிற கதை இது. எங்கள் ஊரிலும் பல பெண்களின் வாழ்க்கை இந்த நம்பிக்கையில்தான் நாசமாய்ப் போனது.

த ஏர்ஸ், 2013, 20 பகுதிகள். இதே அச்சு, கொஞ்சம் மெருகு கூட. வீட்டு வேலை செய்யும் பேச முடியாத தாயின் மகள், பணக்காரப் பாடசாலைக்கு வந்து, தானும் பணக்காரி என்று நடிக்க வேண்டி வருகிறது. ஹோட்டல் முதலாளியின் மகனாக வரும் சோய் யங் டோ, சலுகையில் படிக்க வந்த பையனைப் படுத்தும் காட்சிகள் உறைக்கும். அவனுக்குத் தகப்பனிடம் அடி விழுவதையும் காட்டுகிறார்கள். நடிப்பு நல்லது. ஆனால் கதை போகும் பாதை அதேதான் என்பதால் இதில் நான் அதிகம் நிற்கவில்லை. இதை எழுதியவர் கிம் உன் சுக் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் த குளோரி எழுதியதும் அவர்தான். 2013இல் படுத்துகிறவனையும் மனதுக்குப் பிடித்தவனாக எழுதிய அதே கை, ஒன்பது வருடம் கழித்து அவர்களை ஒருவர் விடாமல் கூண்டில் ஏற்றியது. இடையில் என்ன நடந்தது? தொடர் வெளியானபோது அவரே சொன்னார்: அவருடைய மகள் ஒரு நாள், நான் யாரையாவது சாகும் அளவுக்கு அடித்தால் உங்களுக்கு அதிகம் வலிக்குமா, நான் சாகும் அளவுக்கு அடி வாங்கினால் அதிகம் வலிக்குமா என்று தாயிடம் கேட்டாளாம். அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடர் பிறந்தது. இதைப் படித்த அன்று நான் அந்தக் கேள்வியை எனக்கே கேட்டுப் பார்த்தேன். மகள் எழும்பிப் போன கதை அதற்குள் எங்கே வருகிறது என்றும் யோசித்தேன். மூன்றாவது கேள்வி ஒன்று அங்கே கேட்கப்படாமல் இருக்கிறது: நான் பார்த்துக்கொண்டு நின்றால்?

த குளோரி 2022 டிசம்பர் 30இல் எட்டுப் பகுதியும், 2023 மார்ச் 10இல் எட்டுப் பகுதியுமாக நெட்ஃபிளிக்ஸில் வந்தது. மூன் டொங் உன் என்ற ஏழைப் பிள்ளையை, பார்க் யோன் ஜின் என்ற பணக்காரப் பிள்ளையும் கூட்டாளிகளும் முடி சுருட்டும் சூட்டுக் கருவியால் சுடுகிறார்கள். அந்தக் காட்சியை என்னால் ஒரே தடவையில் பார்க்க முடியவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். 2006இல் சொங்ஜு நகரத்தில் மாணவிகளுக்கிடையில் உண்மையாகவே இப்படி ஒரு கொடுமை நடந்திருக்கிறது என்று தெரிந்த பிறகு இன்னும் கனமாகிவிட்டது.

தொடர் பெரியவர்களை விடவில்லை. வகுப்பாசிரியர் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, முறைப்பாடு செய்த பிள்ளையையே அறைகிறார். பெற்ற தாய் பணக்கார வீட்டிடம் காசு வாங்கிக்கொண்டு, பிள்ளையின் பாடசாலை விலகல் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறாள். சூட்டுக் கருவியின் வேதனை ஒரு நிமிடம். அந்தக் கையெழுத்தின் வேதனை 16 பகுதிக்கும் நீள்கிறது. இன்னொன்றையும் கவனித்தேன். யோன் ஜினின் கூட்டத்தில் ஐந்து பேர். மூன்று பேர் பணக்காரர். மற்ற இரண்டு பேர் வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள். ஒருத்தி சலவைக் கடைக்காரரின் மகள், மற்றவன் ஏவல் வேலை செய்கிறவன். 2009இல் அநியாயத்தை எதிர்த்து நின்ற சலவைக் கடைப் பிள்ளை, 2022இல் அநியாயத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். ஐஸ்கிறீம் வாங்கித் தின்ற கூட்டாளிமாரை நான் அங்கேதான் கண்டேன். அவளுக்குத் தெரியும், அடுத்தது தானாக இருக்கலாம் என்று. அதனால் இன்னும் நெருக்கி இருந்துகொள்கிறாள்.

இந்தத் தொடரின் பதற்றம் அடிதடியில் இல்லை. டொங் உன் வருடக்கணக்காகக் காத்திருந்து, ஆசிரியையாகி, யோன் ஜினுடைய மகள் படிக்கும் வகுப்புக்கே வகுப்பாசிரியையாக வந்து நிற்கிறாள். பதுக் என்ற கறுப்பு வெள்ளைக் காய் ஆட்டத்தைப் படித்துக்கொண்டு, எதிரியின் வீட்டைச் சுற்றி ஒவ்வொரு காயாக வைக்கிறாள். சத்தம் போடாத பதற்றம். நான் பார்த்த ஐந்திலும் திறமாக எழுதப்பட்டது இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கொரியாவின் 2023 பெக்சங் கலை விருதில் சிறந்த தொடருக்கும், சொங் ஹே கியோவுக்குச் சிறந்த நடிகைக்கும், லிம் ஜி யோனுக்குத் துணை நடிகைக்கும் விருது கிடைத்தது நியாயம்.

ஆனால் இது வளர்ந்தவர்களுக்கான தொடர், அந்த அடையாளத்தோடுதான் வந்தது. 14 வயதுக்குக் காட்ட மாட்டேன். சூடு வைக்கும் காட்சி ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இதில் பாதிக்கப்பட்டவளுக்குப் பாடசாலைக் காலத்தில் ஒரு வழியும் திறக்கவில்லை. எந்த உதவியும் பலிக்கவில்லை, அதனால் ஆயுள் முழுவதையும் பழிக்குக் கொடுக்கிறாள். பெரியவர்களுக்கு அது உறைக்க வேண்டிய உண்மை. பிள்ளைக்கு அது கதவைச் சாத்துகிற உண்மை. தங்கையிடம், “இது நீ பார். மகள் வேண்டாம்” என்றேன். ரியூஷன் நடத்துகிற சேர்மாரும் முதல் மூன்று பகுதியாவது பார்க்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

அடுத்தது வீக் ஹீரோ கிளாஸ் 1. 2022 நவம்பரில் வந்தது, எட்டே பகுதிகள். தங்கையின் மூத்த பையன் உயர்தரம் படிக்கிறான். அவனும் கூட்டாளிமாரும் இதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். கதையின் முடிவை இங்கே தொட வேண்டியிருக்கிறது. பார்க்க இருப்பவர்கள் அடுத்த பந்தியைத் தாண்டிப் போகலாம்.

யோன் சி உன் எப்போதும் முதலாம் பிள்ளை, யாரோடும் சேராதவன். அன் சு ஹோ அப்பம்மாவோடு இருப்பவன், இரவெல்லாம் வேலை செய்து வகுப்பில் நித்திரை கொள்கிறவன். மூன்றாவது ஓ பொம் சொக், அரசியல்வாதி ஒருவர் பெயருக்காகத் தத்தெடுத்து வளர்க்கிற பிள்ளை. பழைய பாடசாலையில் அடி, வீட்டிலும் அடி. முதலில் பயத்தில் சி உன்னுக்குத் தீங்கு செய்கிறான்; பிறகு மூவரும் நண்பர்களாகிறார்கள். அந்த நட்பு எப்படிக் கெட்டுப்போகிறது தெரியுமா? இன்ஸ்டகிராமில் சு ஹோ தன்னைத் திருப்பிப் பின்தொடரவில்லை என்ற ஒரு சின்னக் கீறலில் தொடங்குகிறது. கையில் தகப்பனின் காசு இருக்கிறது, அதைக் கொடுத்து ஆள் சேர்க்கிறான், கடைசியில் தன்னைக் காப்பாற்றியவனையே நினைவிழந்து கட்டிலில் கிடக்க வைக்கிறான். எனக்குக் கர்ணன் ஞாபகம் வந்தான், தலைகீழாக. போட்டி அரங்கில் பிறப்பைக் கேட்டு அவமானப்படுத்தியபோது அங்க தேசத்தைக் கொடுத்துத் தூக்கிவிட்டவன் துரியோதனன். அந்தக் கடனுக்காகக் கர்ணன் அநியாயத்தின் பக்கம் நின்றான். இங்கே தூக்கிவிடப்பட்டவன் கையில்தான் பணம் இருக்கிறது. அவன் அந்தக் கடனைத் தாங்க முடியாமல் உடைந்துபோகிறான்.

பணக்காரப் பிள்ளையைப் பற்றி இந்த ஐந்திலும் நேர்மையாகச் சொன்ன கதை இது. பொம் சொக்கை நாம் மன்னிக்கவும் முடியாது, வெறுத்து ஒதுக்கவும் முடியாது. ஆனால் அடிதடி கடுமை, போதை மருந்தும் வருகிறது, இதுவும் வளர்ந்தவர்களுக்கு என்ற அடையாளம் உள்ளது. சி உன் கையில் கிடைக்கிற பேனையும் திரைச்சீலையும் ஆயுதமாகிற காட்சிகளைப் பையன்கள் வீரமாகப் பார்க்கிறார்கள் என்பதையும் கண்டேன். உயர்தரம் முடித்த பையனுக்குச் சரி. தரம் 9க்கு இல்லை.

இங்கே வந்ததும் எனக்கு ஒரு கவலை பிடித்தது. உண்மையைச் சொல்கிற இரண்டும் பிள்ளைகளுக்கு மூடியிருக்கின்றன. பிள்ளைகளுக்குத் திறந்திருக்கிற இரண்டும் உண்மையைப் பூசி மறைக்கின்றன. இதற்கு நடுவில் ஒன்றும் இல்லையா? மகளிடமே கேட்டேன். அவளுடைய கூட்டாளி ஒருத்தி சொன்னதாக ஒரு பழைய தொடரின் பெயரைச் சொன்னாள்.

ஹூ ஆர் யூ: ஸ்கூல் 2015. 2015 ஏப்ரலிலிருந்து ஜூன் வரை கேபிஎஸ் 2இல் வந்தது, 16 பகுதிகள். 15 வயதுக்கு மேல் என்ற அளவு. லீ உன் பி, தொங்யோங் என்ற கடலோர ஊரில் பிள்ளைகள் இல்லத்தில் வளர்கிறவள். (கடலோர ஊர் என்றதும் நான் நிமிர்ந்து இருந்தேன்.) அவளைப் படுத்துகிறவள் காங் சோ யங். சோ யங்கின் தகப்பன் அரச வழக்குத்தொடுநர். அதனால் எந்த முறைப்பாடும் அவளைத் தொடாது. பழி திரும்பி உன் பி மேலேயே விழுகிறது, பாடசாலையை விட்டு நீக்கப்படுகிறவளும் அவள்தான். உன் பி தண்ணீரில் குதிக்கிறாள். பிறகு சோல் நகரத்தில், வசதியான தாயிடம் தத்துப்போன தன் இரட்டைச் சகோதரியின் பெயரில், அவளுடைய வகுப்பில், அவளுடைய வாங்கில் போய் இருக்க வேண்டி வருகிறது. எல்லோரும் அவளை அந்தப் பணக்காரப் பிள்ளை என்றே நினைக்கிறார்கள். சில பகுதி கழித்து அதே வகுப்புக்குப் புதிய மாணவி ஒருத்தி மாறி வருகிறாள். சோ யங்.

இனி ஒரு அடியும் விழத் தேவையில்லை. சோ யங் சிரித்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாலே போதும். இவள் பெயரைச் சொல்லிவிடுவாளா என்று நமக்கு மூச்சு முட்டுகிறது. ஒரே பிள்ளை, ஒரே முகம். பணக்காரி என்று நினைத்தால் வகுப்பு எழும்பி வழி விடுகிறது. இல்லத்துப் பிள்ளை என்று தெரிந்தால் என்ன செய்யும்? பதற்றம் முழுவதும் சோ யங்கிடம் இருப்பதுபோலத் தெரியும். உண்மையில் அது சுற்றியிருக்கிற வகுப்பில்தான் இருக்கிறது. அவர்கள் எந்த வாங்குக்கு எழும்பிப் போவார்கள் என்பதில்தான் கதை தொங்கிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு இழையும் உண்டு. அந்த வகுப்பில் முன்பு ஒரு மாணவி இறந்திருக்கிறாள். வகுப்பறையிலேயே, பக்கத்தில் இருந்தவர்கள் கவனியாமல். பாடசாலை அதை மூடி வைத்தது. யாரும் அவளை அடித்துக் கொல்லவில்லை. யாரும் அவளைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். நான் தேடிய முகங்கள் இங்கே இருந்தன.

வழக்குத்தொடுநரின் மகள் என்பது மிகைப்படுத்தலோ என்று முதலில் நினைத்தேன். இந்தத் தொடர் வந்து எட்டு வருடம் கழித்து, 2023 பெப்ரவரியில், கொரியாவில் பொலிஸ் விசாரணைத் தலைமைப் பதவிக்கு முன்னாள் வழக்குத்தொடுநர் ஒருவர் நியமிக்கப்பட்டார். அவருடைய மகன் பாடசாலையில் செய்த கொடுமையும், தண்டனையை எதிர்த்துத் தகப்பன் நாட்டின் ஆக உயர்ந்த நீதிமன்றம் வரை போனதும் வெளியே வர, மறுநாளே பதவி போனது. அதற்குப் பிறகு அரசு விதிகளை இறுக்கி, இப்படியான கடும் தண்டனைப் பதிவுகளைக் கூடுதல் காலம் வைத்திருக்கவும், பல்கலைக்கழக அனுமதியில் பார்க்கவும் முடிவெடுத்தது. தொடரில் வந்த தகப்பன் கற்பனை மனிதர் என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு முடியவில்லை.

குறைகளும் உண்டு. யார் யாரை விரும்புகிறார்கள் என்ற இழை நடுப்பகுதியில் நேரத்தைத் தின்கிறது. இரட்டைப் பிள்ளைகள் என்ற ஏற்பாட்டில் சில இடம் நம்பும்படி இல்லை. த குளோரியின் எழுத்தோடு இதை வைக்க முடியாது. தொடக்கத்தில் உன் பி தன் உயிரை விடப் போகும் இடம் இருக்கிறது, அதனால் பிள்ளையைத் தனியே விட்டுப் பார்க்க வைக்கக் கூடாது; பக்கத்தில் ஒரு பெரிய ஆள் இருக்கத்தான் வேண்டும். மனம் உடைந்திருக்கிற பிள்ளை என்றால் இதையும் தள்ளிப்போடுங்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற உதவித் தொலைபேசி இலக்கத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லியும் வையுங்கள். நான் மகளுடைய கொப்பியின் பின்மட்டையில் எழுதிக் கொடுத்தேன்.

இருந்தாலும் தங்கைக்கு நான் சொன்ன பதில் ஸ்கூல் 2015தான். பிள்ளையின் வயதைவிட ஒரு வருடம்தான் கூட, பெரிய ஆள் பக்கத்தில் இருந்தால் பொருந்துகிறது, படுத்துகிறவளைக் காதலாலும் பழியாலும் தீர்த்துக் கட்டாமல் வகுப்பின் கையில் விடுகிறது, என் கேள்விக்கு முகம் கொடுக்கிறது. மகள் பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸும் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், முதல் பகுதியை நீங்களும் கூட இருந்து பாருங்கள். மொட்டை மாடிக் காட்சியில் நிறுத்தி, கீழே நிற்கிற பிள்ளைகளில் ஒருவரைக் காட்டி இவள் வீட்டுக்குப் போய் என்ன சொல்லியிருப்பாள் என்று கேளுங்கள் என்றேன். தங்கைக்கு இது பிடித்தது. த குளோரியை அவள் தனியே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு நாள் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை, அந்தத் தாய் கையெழுத்துப் போட்ட பகுதி என்று பிறகு தெரிந்தது.

நாங்கள் இரவுச் சாப்பாடு முடித்து, நாளுக்கு இரண்டு பகுதி என்று பார்க்கிறோம். ஆங்கில எழுத்து ஓடும்போது மகள் அம்மம்மாவுக்குத் தமிழில் சொல்கிறாள். அவளுக்கு அதனால் எல்லாவற்றையும் இரண்டு தடவை யோசிக்க வேண்டி வருகிறது. சோ யங் வகுப்புக்குள் வந்த இரவு அம்மா கேட்டா, “மறுகா என்ன, ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்லியா?” மகள் பதில் சொல்லவில்லை. படம் ஓடிக்கொண்டிருந்தது, அவள் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டாள்.

அடுத்த நாள் காலையில் போனைக் கேட்டாள். அந்தப் பிள்ளை வராத நாட்களின் கணக்குக் குறிப்புகளை ஒவ்வொரு பக்கமாக வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்தாள். 11 பக்கம். வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, கீழே எதையோ எழுதினாள், அழித்தாள், மறுபடியும் எழுதினாள். நான் எட்டிப் பார்க்கவில்லை.

நீல அடையாளம் விழுந்திருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. இன்று இரவு ஒன்பதாம், பத்தாம் பகுதிகள்.